சாட்சி சொல்ல வந்த சமையல்காரி

ஷீலா, ராபின், ரெண்டு பேருக்கும்.

அடுத்த திங்கட்கிழமையிலேர்ந்து லத்தீன் வகுப்புக்கு நீங்கதான் சாட்சி. நான் அப்பாவோட தூத்துக்குடி போறேன். அப்பா துறைமுகத்துல ரிடையர் ஆயாச்சு, கல்கத்தாவுல இந்தக் கிடர்பூர் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். எனக்கு இன்னும் முப்பது கூட ஆகல. ஆனா இந்த வேலையில என்னை விட்டா சீனியர்னு யாரும் கிடையாது, ஏன்னா இந்த வேலையை உண்டாக்கினதே என் தம்பிதான். அதனால ரிடையர் ஆகுறவங்க பேசுற மாதிரி நானும் கொஞ்சம் பேசிக்கிறேன். பொறுத்துக்கோங்க.

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தடுமாறும்னு தெரியும். ஷீலா, நீ அம்மாகிட்ட குடுத்து வாசிக்கச் சொல்லு. ராபின், நீயும் பக்கத்துல உக்காந்து கேளு. பெங்காலி எனக்குப் பேச மட்டும்தான் வரும், எழுத வராது. நான் ஏழாங்கிளாஸோட நின்னவ. அம்மா தவறினதும் வீட்டைப் பாக்க ஆள் இல்லன்னு நின்னுட்டேன். அதனால பேசுற மாதிரியேதான் எழுதுறேன்.

லத்தீனை உங்களுக்கு நான் சொல்லித்தர மாட்டேன். அது தானா ஒட்டிக்கும். எப்படி நிக்கணும், எப்ப வாயை மூடணும், அதை மட்டும் சொல்றேன்.

மொதல்ல ஆட்டம் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கோங்க. நம்ம இல்லத்துல சாமியார் படிப்புக்கு வர்ற பிரதர்மார் முதல் வருஷம் லத்தீன் படிச்சே ஆகணும். ஒருத்தன் தும்காவுலேர்ந்து வருவான், ஒருத்தன் கேரளா, ஒருத்தன் ஷில்லாங், ஒருத்தன் திருச்சி. ஒருத்தன் பாஷை இன்னொருத்தனுக்குத் தெரியாது. வகுப்புல ஒரு வயசான ஃபாதர் வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டு லத்தீன் சொல்லுவாரு, பசங்களும் பின்னாடியே சொல்லிக்கிட்டுத் தூங்குவாங்க. நான் அப்ப அங்க தையல் வேலை பாத்துக்கிட்டிருந்தேன். பீடத்துணி, அங்கி, ஜன்னல் திரை எல்லாம் நம்ம மிஷின்தான். அந்த ராகத்தைக் கேட்டுத் தைக்கும்போதே எனக்கும் கண்ணு சொக்கும்.

அந்த ஃபாதருக்கு முடியாமப் போனதும் என் தம்பியைக் கூப்பிட்டாங்க. அவன் நாலஞ்சு வருஷம் சாமியார் படிப்புல இருந்துட்டு வெளிய வந்தவன். ஏன் வந்தான்னு அவன் சொல்லல, நானும் கேக்கல. வீட்டுல ஒரு மாசம் சும்மா உக்காந்து கேரம் ஆடினான். அப்புறம் இந்த வேலை கெடச்சுது. மொத வாரமே வந்து சொல்லிட்டான்: "யக்கா, இவனுங்களுக்கு ஒரு கொலை வேணும். அப்பத்தான் முழிச்சுக்கிட்டு இருப்பானுங்க."

அவன் ஒரு வீட்டை உண்டாக்கினான். ரோமாபுரிக்குப் பக்கத்துல ஒரு துறைமுகம், அங்க ஒரு கோதுமை வியாபாரி வீடு. பேருக்குத்தான் ரோமாபுரி. மூட்டை தூக்குறவங்க, லஞ்சம் கேக்குற கஸ்டம்ஸ்காரன், நனைஞ்ச கோதுமை, எலி, எறும்பு, எல்லாம் நம்ம கிடர்பூர்தான். அப்பா சாப்பிடும்போது சொல்ற கதையெல்லாம் அங்க போய் லத்தீன் பேசுச்சு. வீட்டு எஜமான் ஒருநாள் காலையில செத்துக் கெடக்காரு. பிரதர்மார்ல ஒருத்தன் அவர் மகன், ஒருத்தன் கப்பல்காரன், ஒருத்தன் கஸ்டம்ஸ்காரன். எல்லாரும் கூடி விசாரிச்சுக் கண்டுபிடிக்கணும், யாரால செத்தாருன்னு. வாயைத் தொறந்தா லத்தீன்தான். ஹிந்தியோ இங்கிலீஷோ வந்துட்டா அன்னைக்கு முழுக்க அவன் பேசக்கூடாது.

பிணத்துக்கு ஆள் கெடைக்கல. பெங்காலிங்க கட்டிப்பிடிச்சுத் தூங்குவாங்களே நீள உருட்டுத் தலையாணி, கோல்பாலிஷ், அதுல ஒண்ணை வெள்ளைத் துணியில சுத்தி பெஞ்சு மேல படுக்க வச்சான். டாலிகஞ்ச் சினிமா ஸ்டுடியோவுல வேலை பாக்குற ஒருத்தன்கிட்ட கெஞ்சி ஒரு ரோமாபுரி உடுப்பு வாங்கிட்டு வந்தான். பிரிச்சுப் பாத்தா ஜரிகை வச்ச ராஜா அங்கவஸ்திரம், கூடவே ஒரு ஒட்டு மீசை. மீசையைக் கோல்பாலிஷுக்கு ஒட்டினோம்.

சாட்சிக்கு வெளியாள் வேணும்னான். பிரதர்மாருக்குள்ளயே வச்சா ராத்திரி சாப்பாட்டுல உளறிருவானுங்களாம். அதனால ரெண்டு பேரைப் பிடிச்சான். வாசல்காரனா நம்ம கேட்ல நிக்கிற ராம்தேவ்ஜி. சமையல்காரியா நான்.

"எனக்கு லத்தீன் தெரியாதுல," அப்படின்னேன்.

"சமையல்காரிக்கும் பெருசா பேச வேண்டாம். பத்துப் பன்னெண்டு வரி. மத்ததுக்கெல்லாம் நெஷியோ."

நெஷியோன்னா எனக்குத் தெரியாதுன்னு அர்த்தம். நான் படிச்ச மொத லத்தீன் வார்த்தை அதுதான். எனக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சு.

தம்பி ரெண்டு விதி வச்சான். மொத விதி, சாட்சி தன் கண்ணால பாத்ததை மட்டும் சொல்லணும், மத்ததுக்கு நெஷியோ. ரெண்டாவது, ஒரு சாட்சி சொல்றதை இன்னொரு சாட்சி கேக்கக்கூடாது. ராம்தேவ்ஜி உள்ள இருந்தா நான் வராண்டாவுல, நான் உள்ள இருந்தா அவர் கேட்ல. யாருக்கும் தன் பங்கு மட்டும்தான் தெரியும். முழுக்கதை தம்பி தலைக்குள்ள.

மொத விதி லேசானதுன்னு நெனைப்பீங்க. நானும் நெனச்சேன். முதல் வருஷம் ஷில்லாங் பையன் ஒருத்தன்தான் செத்தவரோட மகன். ஊரை விட்டு அப்பத்தான் வந்திருந்தான், சாப்பாடு இறங்கல, மெலிஞ்சு போயிருந்தான். தட்டுத்தடுமாறி ஒரு கேள்வி கேட்டான்: அப்பாவுக்கு என் மேல பிரியம் இருந்துச்சா? எனக்குக் குடுத்த வரியில அதுக்குப் பதில் இல்ல. நெஷியோன்னு சொல்லிருக்கணும். அவன் மூஞ்சியைப் பாத்தேன். "இத்தா"ன்னு சொல்லிட்டேன். ஆமான்னு அர்த்தம்.

அவ்ளோதான். அந்த ஒரு ஆமாவைப் பிடிச்சுக்கிட்டுப் பசங்க எங்கெங்கயோ போயிட்டாங்க. பிரியம் இருந்துச்சுன்னா சொத்து மகனுக்குத்தான், அப்ப மத்தவனுக்குப் பொறாமை, அப்ப கப்பல்காரன்தான் கொன்னான். ரெண்டு வாரம் பாவம் அந்தக் கப்பல்காரனைப் போட்டுக் காய்ச்சினாங்க.

வீட்டுக்கு வர்ற பஸ்ல தம்பி கேட்டான், "யக்கா, நீ யாரு? தேவமாதாவா?"

"பாவம்ல அவன்."

"பாவம்னா பேரீச்சம்பழம் வாங்கிக் குடு. சாட்சியைக் குடுக்காத."

இதை நீங்க ரெண்டு பேரும் மறக்கக்கூடாது. பையனைப் பாத்தா மனசு இளகும். இளகட்டும். வகுப்பு முடிஞ்சதும் பேரீச்சம்பழம் குடுங்க. உள்ள நிக்கும்போது தெரியாததைத் தெரியும்னு சொன்னா, அவன் ஒரு மாசம் தப்பான வழியில நடப்பான்.

ராம்தேவ்ஜி இந்த விஷயத்துல கெட்டிக்காரர். நெஷியோன்னு சொல்றது அவருக்கு அவ்ளோ பிடிச்சுப் போச்சு. ஒருநாள் கரெண்ட் ஆபீஸ்லேர்ந்து ஒருத்தன் வந்து, ஃபாதர் இருக்காரான்னு கேட்டான். நெஷியோ. எப்ப வருவாரு? நெஷியோ. யோவ், நீ இந்த கேட்டுக்குக் காவல் நிக்கிற தர்வானா இல்லயா? நெஷியோ. அவன் திரும்பிப் போயிட்டான். ராம்தேவ்ஜி என்கிட்ட வந்து, "தீதி, இது ரொம்ப நல்ல பாஷை"ன்னாரு.

இனிமே பெரிய விஷயத்துக்கு வாரேன். அதுக்கு முன்னாடி போண்டா கதையைச் சொல்லியாகணும். அது இல்லாம மத்தது புரியாது.

நான் அப்ப சமையல் பழகிக்கிட்டிருந்த காலம். அப்பாவோட டாக்ல வேலை பாக்குற நாலஞ்சு பேர் ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தாங்க. போண்டா போடுறேன்னு நானாத்தான் இறங்கினேன். லேக் மார்க்கெட்ல நம்ம ஊர்ச் சாமான் விக்கிற கடையில சமையல் சோடாவும் வாங்கினேன், துணி வெளுக்குற சலவை சோடாவும் வாங்கினேன். ரெண்டும் ஒரே மாதிரி பேப்பர்ப் பொட்டலம். ஜன்னல் ஓரம் வச்சிருந்தேன். எதை எடுத்துப் போட்டேன்னு சொல்ல வேண்டியதில்ல. போண்டா நல்லா உப்பித்தான் வந்துச்சு. அப்பா ஒரு கடி கடிச்சுட்டு என்னைப் பாத்தாரு. வந்தவங்கள்ல ஒரு பெரியவர் மரியாதைக்காக ரெண்டு போண்டா முழுசா சாப்பிட்டு, "நல்லாருக்கும்மா"ன்னு சொல்லிட்டு ஓடினாரு. குவார்ட்டர்ஸ்ல எல்லாருக்கும் பொதுவா ஒரே குழாயடிதான். அங்க போய் உக்காந்துட்டாரு.

அன்னையிலேர்ந்து தம்பி விடல. சாப்பிட உக்காந்தா தட்டை மோந்து பாப்பான். அப்பாகிட்ட, "எப்பா, உயில் எழுதிட்டீங்களா?"ன்னு கேப்பான். என்கிட்ட, "யக்கா, ஒருநாள் உன் கையாலதான் ஒரு ஆள் போகப்போறான், எழுதி வச்சுக்கோ"ம்பான். வளந்து, சாமியார் படிப்புக்குப் போய், திரும்பி வந்த பிறகும் அதே பேச்சு. எனக்குச் சமையல்காரி வேஷம் குடுத்ததே அந்தக் குசும்புலதான்.

மூணாவது வருஷம் புதுக் கதை போட்டான். டாலிகஞ்ச் மெட்ரோ ஸ்டேஷன்கிட்ட பஸ்ஸை விட்டு இறங்கி இல்லத்துக்கு நடந்து போவோம், அந்த வழியிலதான் எனக்கு வரி சொல்லிக்குடுப்பான். எஜமானுக்குத் திராட்சை ரசம் கொண்டுபோனேன். தேன் கலந்தேன். காலையில எழுப்பப் போனேன், எஜமான் செத்துட்டாரு. இந்த மாதிரிதான். அதுல ஒரு வரி இருந்துச்சு, "தே ஃபெனெஸ்த்ரா." ஜன்னல்லேர்ந்துன்னு அர்த்தம். எதுக்கு இதுன்னு கேட்டேன். "தேன் ஜாடியை எங்கேர்ந்து எடுத்தன்னு கேட்டாச் சொல்லு. கேக்கலன்னா விட்டுரு"ன்னான். மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுதான் சொன்னான். நான் அதைப் பெருசா எடுத்துக்கல.

பாதிக் கதை ஓடிக்கிட்டிருந்துச்சு. ராம்தேவ்ஜியை விசாரிச்சு முடிச்சாச்சு. அடுத்த வாரம் என் முறை. அதுக்குள்ள தம்பிக்குக் காய்ச்சல். மழைக்காலத்துல கல்கத்தாவுல யாருக்குத்தான் காய்ச்சல் வரல. இவனுக்கு வந்தது மலேரியா, அது தலைக்கு ஏறிருச்சு. ஒரு வாரம் கூட இல்ல. இருபத்தஞ்சு வயசு. இதுக்கு மேல அதைப் பத்தி எழுதப்போறதில்ல. எழுதினா இந்தக் காகிதம் முழுக்க அதுவாத்தான் போகும்.

அடக்கம் முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு, இல்லத்தோட பெரிய சாமியார் ஃபாதர் ரெக்டர் கூப்பிட்டாரு. அவர் பெங்காலி. குரலை உயர்த்த மாட்டாரு, ஆனா ஒண்ணு முடிவு பண்ணிட்டா அசைக்க முடியாது. நாற்காலி போட்டு உக்காரச் சொன்னாரு.

"அந்தக் கதையை முடிக்கணும்மா. பசங்க மனசு அதுலயே கெடக்கு. யார் கொன்னான்னு சொல்லிரு, நான் போர்டுல எழுதிப் போட்டுருறேன். அப்புறம் பழைய மாதிரி புஸ்தகத்தை வச்சு நடத்திக்கலாம்."

"எனக்குத் தெரியாது, ஃபாதர்."

"உன்கிட்ட சொல்லலியா?"

"சொல்ல மாட்டான். சாட்சிக்குத் தெரியக்கூடாது, அதுதான் ஆட்டம்."

"அப்ப யாருக்கும் தெரியாதா?"

"எனக்குக் கொஞ்சம் தெரியும், ராம்தேவ்ஜிக்குக் கொஞ்சம் தெரியும். சேத்துப் பாக்க வேண்டியது பிரதர்மார்."

"நீயும் தர்வானும் பேசிச் சேத்துருங்களேன்."

அந்த நிமிஷம் எனக்கே ஆசையாத்தான் இருந்துச்சு. கேட் வரைக்கும் நடந்தாப் போதும். ஆனா தம்பி தலைக்குள்ள இருந்ததுல இன்னும் வெளிய வராம மிச்சம் இருந்தது இந்த ஒண்ணுதான். அதை ரெண்டு பேரு கேட் ஓரமா நின்னு பீடிக்கட்டு மாத்துற மாதிரி மாத்திக்க எனக்கு மனசு வரல. பசங்க லத்தீன்ல கேட்டு வெளிய எடுக்கட்டும்னுதான் அவன் வச்சான். அப்படியே வரட்டும்.

"ஒரு வகுப்பு குடுங்க, ஃபாதர். பசங்களே கண்டுபிடிச்சா ஆட்டம் தொடரணும். கண்டுபிடிக்கலன்னா நான் தையல் மிஷினோட இருந்துக்கிறேன்."

"நானும் வந்து பின்னாடி உக்காருவேன்,"னாரு.

வகுப்பு நாள். உள்ள நுழையும்போதே பெஞ்சு மேல கோல்பாலிஷைப் பாத்தேன். வெள்ளைத் துணி இல்ல. ரோஸ் கலர்ல பெரிய பெரிய பூப்போட்ட பெட்ஷீட் சுத்தியிருந்துச்சு. ராம்தேவ்ஜியோட சொந்த பெட்ஷீட் அது, அவர் ரூம் கொடியில தொங்கிப் பாத்திருக்கேன். நான் வெள்ளையைப் பாக்க வேண்டாம்னு மாத்தியிருக்காரு. வாசல்ல நின்னுக்கிட்டு என்னைப் பாக்காம தோட்டத்தைப் பாத்தாரு. அவர் கேட்டுக்குப் போயிட்டாரு, நான் பெட்ஷீட்டை அப்படியே விட்டுட்டேன். அதனாலதான் நம்ம பிணம் இன்னைக்கு வரைக்கும் பூப்போட்ட பெட்ஷீட்ல படுத்திருக்கு. புதுசா வர்றவங்க யாராவது வெள்ளை போடணும், அதுதான் பொருத்தம்னு சொல்லுவாங்க. விடாதீங்க.

சமையல்காரியோட மொத வரி என்ன தெரியுமா? தோமினுஸ் மோர்த்துவுஸ் எஸ்த். எஜமான் செத்துட்டாரு. அதைச் சொல்லித்தான் ஆரம்பிக்கணும். எல்லாரும் என் வாயையே பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் வேகமாச் சொன்னேன், மீன்காரி விலை சொல்ற மாதிரி. நின்னு நிதானிச்சா வராதுன்னு தெரியும்.

கேள்வி ஆரம்பிச்சுது. ஜோஜோன்னு ஒரு கேரளாப் பையன், கப்பல்காரன் வேஷம், வகுப்புலயே வாயாடி. அவன்தான் முன்னாடி நின்னான். ராத்திரி என்ன கொண்டுபோன? திராட்சை ரசம். வேற? தேன். தேனை எங்கேர்ந்து எடுத்த?

"தே ஃபெனெஸ்த்ரா,"ன்னேன்.

எப்பவும் ஒரு பதில் வந்தா சடசடன்னு ஒம்பது கேள்வி வரும். அன்னைக்கு ஒண்ணும் வரல. ஜோஜோ மார்ட்டினைப் பாத்தான். மார்ட்டின் தும்காப் பையன், செத்தவரோட மகன் வேஷம். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். பின்னாடி ஒருத்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், ஜோஜோ அவன் காலை மிதிச்சான்.

அப்புறம் வந்துச்சு பாருங்க கேள்வி. சமையல்காரி, களைப்பா இருக்கியா? சமையல்காரி, தண்ணி வேணுமா? உக்காந்துக்கிறியா? எல்லாம் சுத்தமான லத்தீன். ஒரு கொலைகாரனைத் தேடுற கூட்டம் இப்படியா விசாரிக்கும்? ஆஸ்பத்திரியில பாக்க வந்த சொந்தக்காரங்க மாதிரி கேட்டாங்க.

கடைசியில ஜோஜோ எழுந்து நெஞ்சை நிமித்திக்கிட்டு, "மேதிகுஸ்,"ன்னான். வைத்தியர்தான் கொன்னாராம். "ஃபீனிஸ்,"னான். முடிஞ்சுதாம். மத்த பசங்களும் ஆமா ஆமான்னாங்க. பின்னாடி ஃபாதர் ரெக்டர் பைபிளை எடுத்துக்கிட்டு எழுந்திருக்கப் போனாரு.

ஜோஜோ பொய் சொல்றான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவன் நெசமாக் கண்டுபிடிச்சிருந்தா குதிச்சிருப்பான், பெஞ்சைத் தட்டியிருப்பான். இங்க எல்லார் கண்ணும் தரையில. என்னமோ ஒண்ணை எனக்குத் தெரியாம மறைக்காங்க. எனக்காக மறைக்காங்க. செத்தவனோட அக்கா, பாவம், விட்டுருவோம்னு பேசி வச்ச மாதிரி.

கோவம் வந்துச்சு. என் தம்பி மெனக்கெட்டு உண்டாக்கினதை எனக்குப் பாவம் பாத்து மூடி வைக்கவா? ஃபாதர் வாசல் வரைக்கும் போயிட்டாருன்னா அத்தோட சரி, திங்கட்கிழமை பழைய ராகம்தான்.

சாட்சி கேள்வி கேக்கக்கூடாதுன்னு விதி ஒண்ணும் இல்ல. யாரும் கேட்டதில்ல, அவ்ளோதான். மூணு வருஷமா பசங்க என்னைக் கேட்ட கேள்வியெல்லாம் காதுல கெடந்துச்சு. வாயைத் தொறந்தேன். "க்விஸ்?" யாரு?

மார்ட்டின் இன்னும் குனிஞ்சான்.

"கூர்?" ஏன் சொல்ல மாட்டேங்கறீங்கன்னு முழுசாக் கேக்க வராது. ஏன்னு மட்டும் கேட்டேன்.

ஜோஜோ சன்னமா ஹிந்தியில, "தீதி, விட்டுருங்களேன்,"ன்னான்.

நான் வாசலுக்குப் போய் கேட் பக்கம் பாத்தேன். ரெண்டாவது விதியை அப்பத்தான் உடைச்சேன். வேணும்னேதான் உடைச்சேன், இன்னைக்கும் உடைப்பேன். "யானித்தோர்,"ன்னு கூப்பிட்டேன். வாசல்காரரே. "க்விட் விதிஸ்தி?" என்ன பாத்தீங்க?

ராம்தேவ்ஜிக்கு முகம் செத்துப்போச்சு. ஆனா கேட்டா சொல்லியாகணும், அவர் அதுல உறுதி. உள்ள வந்து, செருப்பைக் கழட்டி வச்சுட்டு, கையைக் கட்டிக்கிட்டுச் சொன்னாரு. வைத்தியர் சாயங்காலம் வந்தாரு. எறும்புக்கு விஷம் கொண்டுவந்தாரு. தேன்ல கலந்து ஒரு ஜாடியில வச்சாரு. எங்க வச்சாரு?

"இன் ஃபெனெஸ்த்ரா."

ஜன்னல்ல.

ஜன்னல் ஓரத்துல ஜாடி. நல்ல தேன், விஷத்தேன், பாக்க ரெண்டும் ஒண்ணு போல. எடுத்துக் கலந்தவ நான்.

"க்விஸ்?"னு திரும்பக் கேட்டேன். இந்தத் தடவை மெதுவா.

மார்ட்டின் எழுந்தான். வேஷத்துல அவன்தான் செத்தவரோட மகன், அவன் சொல்றதுதான் முறை. வருஷம் பூரா ரெண்டு வார்த்தைக்கு மேல சேத்துப் பேசாதவன். என் கண்ணைப் பாத்துச் சொன்னான், "தூ, கோக்வா." நீதான், சமையல்காரி. ஒரு மூச்சு விட்டு, தேடித்தேடி, இன்னும் ஒண்ணு சொன்னான். "செட் நெஷிவிஸ்தி." ஆனா உனக்குத் தெரியாது.

அப்ப வந்துச்சு எனக்கு. சிரிப்பு. மொதல்ல மூக்கு வழியா வந்துச்சு, அப்புறம் நிக்கல. பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். டாலிகஞ்ச் ஸ்டேஷன் வழியில மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நடந்தானே, அப்ப அவன் சிரிப்பை அடக்கிக்கிட்டிருந்திருக்கான். எத்தனை மாசமா இதைத் தலைக்குள்ள வச்சுக்கிட்டு என் சாப்பாட்டைத் தின்னிருக்கான்.

"ஏல, சண்டாளா,"ன்னு கோல்பாலிஷைப் பாத்துச் சொன்னேன். "சலவை சோடாவை இங்கயும் கொண்டுவந்துட்டியா."

திருச்சிப் பையன் ஒருத்தனுக்கு மட்டும்தான் தமிழ் தெரியும். அவனும் முழிச்சான். பசங்க பயந்துட்டாங்க, தீதிக்கு ஏதோ ஆயிருச்சுன்னு. ராம்தேவ்ஜி தண்ணி கொண்டுவர ஓடினாரு. அப்புறம் நான் போண்டா கதையைச் சொன்னேன். பாதி ஹிந்தி, பாதி பெங்காலி, நடுநடுவுல தெரிஞ்ச லத்தீன். பெரியவர் குழாயடிக்கு ஓடினதைச் சொல்லும்போது ஜோஜோ கண்ணைத் துடைச்சுக்கிட்டே சிரிச்சான். அழுகையும் வந்துச்சு, அது எனக்குத்தான் வந்துச்சு, அதை யாரும் தடுக்கல. தம்பி செத்த பிறகு அன்னைக்குத்தான் நான் வாயைத் தொறந்து அழுதேன். சிரிப்புதான் கதவைத் தொறந்துவிட்டுச்சு.

ஃபாதர் ரெக்டர் கடைசி வரைக்கும் உக்காந்திருந்தாரு. சாயங்காலம் டீ வந்தது. எல்லாருக்கும் முன்னாடி கப்பை மூக்குகிட்ட கொண்டுபோய் மோந்து பாத்துட்டு, "இதை யார் போட்டது?"ன்னாரு. அதுலேர்ந்து எனக்குத் தெரிஞ்சுது, திங்கட்கிழமை ராகம் கெடையாதுன்னு.

அடுத்த வருஷத்துலேர்ந்து கதையை நான் போட ஆரம்பிச்சேன். தம்பி மாதிரி வராது. இலக்கணத்துக்கு இப்ப வந்திருக்கிற புது சார் இருக்காரு, அவர் திருத்துவாரு. துறைமுகத்துக்குள்ள யார் எங்க எதை வைப்பான்னு எனக்குத் தெரியும், அது போதும். பிரதர்மார் என்கிட்ட லத்தீன்லயே சண்டை போடுறாங்க, நானும் விடுறதில்ல.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். சாட்சியா நிக்கிறவங்களைப் பாத்து நீதான்னு விரல் நீட்டப் பசங்க பயப்படக்கூடாது. உங்க வீட்டுல ஏதாவது நடந்திருக்கும், முகம் வாடியிருக்கும், அவங்க நல்ல பசங்க, விட்டுக் குடுக்கப் பாப்பாங்க. விட்டுக் குடுத்தா வாங்கிக்காதீங்க. நீங்களே கேளுங்க, யாருன்னு. விரல் உங்க பக்கம் வந்தா நகராதீங்க. பாவம் பாக்குறவங்க முன்னாடி நான் ரொம்ப நாள் ஒடுங்கிக் கெடந்தேன். ஒருத்தன் எழுந்து நேரா நீதான்னு சொன்னப்பத்தான் திரும்ப ஆளா நிமிந்தேன்.

போறதுக்கு முன்னாடி புதுக் கதை ஒண்ணு போட்டிருக்கேன். உனக்குண்டான வரியை உன்கிட்ட சொல்லிட்டேன், ஷீலா. ராபின், உனக்கும் சொல்லிட்டேன். ரெண்டு பேரும் பஸ்ல வரும்போது பேசி வைக்காதீங்க. பேசணும்னு நாக்கு அரிக்கும், எனக்குத் தெரியும். யாரால செத்தாருன்னு ஊருக்கு ஃபோன் போட்டுக் கேட்டாலும் நான் சொல்லப்போறது ஒரே வார்த்தைதான்.

ராம்தேவ்ஜிக்கு மூட்டுவலி, நாற்காலி போட்டுக் குடுங்க. மீசை பசை விட்டுப்போச்சு, வேற ஒட்டணும்.

இன்னொண்ணு. லேக் மார்க்கெட் கடையில இன்னமும் ரெண்டு சோடாவையும் ஒரே மாதிரி பொட்டலத்துலதான் கட்டித் தாரான். வாங்கினதும் மேல பேரை எழுதி வச்சுக்கோங்க. நான் இன்னைக்கு வரைக்கும் எழுதினதில்ல. தெனமும் நாக்கு நுனியில தொட்டுப் பாத்துத்தான் போடுறேன். தொடும்போதெல்லாம் பக்கத்துல ஒருத்தன் தட்டை மோந்து பாக்குறான்.